பனிப்பருவப் பறவைகளும் மா. கிருஷ்ணனும்

பனிப்பருவ விருந்தினர்

கார்த்திகை, மார்கழித் திங்கள்களில் இமயத்துக்கு அப்பாலுள்ள நாடுகளில் ஏரிகளும் ஆறுகளும் உறைந்து கல்லாகின்றன. நிலம் முழுவதும் வெண்பனி மூடுகின்றது. புழு பூச்சிகள் கண்ணுக்குத் தென்படாமல் மறைகின்றன. நீர்ச்செடிகள் பனிக்கட்டியின் அடியில் சிறைப்படுகின்றன. அங்கு வாழும் பறவைகள் குளிரைக் காட்டிலும் பசிக்கே பெரிதும் அஞ்சித் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. திபெத்து, மங்கோலியா முதலிய இடங்களில் குஞ்சு பொரிக்கும் வரித்தலை வாத்து இமயமலையைக் கடந்து இந்தியாவுக்கு வருகின்றது. அது 7,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் பறந்தமையும் பதிவாகியுள்ளது. அவ்வாறு வரும் வாத்துகளுள் சில திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் வரையிலும் வந்து தங்குகின்றன. வாலாட்டிக் குருவியும், உள்ளானும், ஊசிவால் வாத்தும் இவ்வாறே தமிழகத்துக்கு வரும் பனிப்பருவ விருந்தினர் ஆவர்.

சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடியைச் சூழ்ந்துள்ள செட்டிநாட்டுப் பகுதி, ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறுகள் இல்லாத பகுதியாகும். மழைநீரைத் தேக்கிவைக்கும் கண்மாய்களும் ஊருணிகளுமே அதன் உயிர்நிலைகள். வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய்கள் நிறைந்தவுடன் அங்கும் பறவைகள் திரள்கின்றன. வடதிசையார் பனிக்கு அஞ்சி நெருப்பை நாடும் அதே பருவத்தில், தென்னாட்டுக் கண்மாய்க் கரைகளில் கொக்கும் நாரையும் கூடு கட்டுகின்றன.

பறவைகளின் இவ்வரவையும் செலவையும் பண்டைத் தமிழர் கண்டறிந்திருந்தனர். பிசிராந்தையார் குமரித்துறையிலிருந்து வடமலைக்குச் செல்லும் அன்னச் சேவலை விளித்துத் தம் நட்பை உரைத்தார். சத்திமுற்றப் புலவர், போர்த்துக்கொள்ள ஆடையின்றி மதுரையில் வாடைக்காற்றில் நடுங்கிக் கிடந்தபோது, வடக்கே செல்லும் நாரையைத் தம் இல்லத்துக்குத் தூது விடுத்தார். அப்புலவர்கள் சொல்லால் காட்டிய பறவைகளை, எழுத்தாலும் ஓவியத்தாலும் நிழற்படத்தாலும் காட்டியவர் ஒருவர் இருபதாம் நூற்றாண்டில் வாழ்ந்தார். அவரே இயற்கை அறிஞர் மா. கிருஷ்ணன் ஆவார்.

பிறப்பும் இளமையும்

கிருஷ்ணன் 1912-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். இவர்தம் தந்தையார் அ. மாதவையா, தமிழ் நாவல் இலக்கியத்தின் முன்னோடிகளுள் ஒருவர்; பத்மாவதி சரித்திரம் என்னும் நாவலை இயற்றியவர். உப்புத் தீர்வைத் துறையில் பணியாற்றிய மாதவையா, பின்னர் அப்பணியை விடுத்துச் சென்னை மயிலாப்பூரில் குடியேறி, அச்சகம் ஒன்றை நிறுவிப் பஞ்சாமிர்தம் என்னும் இதழை நடத்தினார். அவருடைய எட்டு மக்களுள் கிருஷ்ணனே இளையவர்.

அக்காலத்து மயிலாப்பூர் இன்றுள்ளது போன்ற நெருங்கிய நகரப்பகுதி அன்று. வீடுகளுக்கு அப்பால் புதர்கள் மண்டிய வெளிகள் பரந்து கிடந்தன. அவற்றில் பறவைகள் பல வாழ்ந்தன, நரிகள் திரிந்தன, வெளிமான்களும் காணப்பட்டன. சிறுவன் கிருஷ்ணனுக்கு அவ்வெளியே முதற் பள்ளியாயிற்று. பதினொரு வயதில் அவர் கீரிப்பிள்ளை ஒன்றை வளர்த்தார். விலங்கும் பறவையும் தத்தம் போக்கில் என்ன செய்கின்றன என்று பார்த்திருக்கும் பழக்கம் அப்போதே அவரிடம் வேரூன்றியது.

1925-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அக்குடும்பத்தைப் பெருந்துயரம் சூழ்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில், பட்டப் படிப்பில் தமிழைக் கட்டாய பாடமாக்க வேண்டும் என்று வாதாடி அமர்ந்த மாதவையா, அங்கேயே உயிர் நீத்தார். கிருஷ்ணனுக்கு அப்போது வயது பதின்மூன்று. மூத்த சகோதரியார் இலட்சுமி இளையவரைப் பேணி வளர்த்தார். தந்தையார் விட்டுச்சென்ற செல்வங்களுள் தமிழ்ப் பற்றும், எவர்க்கும் அஞ்சாது தம் கருத்தை உரைக்கும் நெஞ்சுரமும் கிருஷ்ணனை முழுமையாக வந்தடைந்தன.

கல்வி

கிருஷ்ணன் 1927-இல் சென்னை மாநிலக் கல்லூரியிற் சேர்ந்தார். தேர்வுகளில் முதன்மை பெறும் மாணவராக அவர் விளங்கவில்லை. ஆயினும் தாவரவியல் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அப்பாடத்தைக் கற்பித்த பேராசிரியர் பைசன், நீலகிரி, பழனி மலைகளின் தாவரங்களை ஆராய்ந்து நூல் எழுதியவர். அவர் மலைகளுக்குச் செல்லும்போது கிருஷ்ணனும் உடன் சென்றார். பேராசிரியரின் துணைவியார் தாவரங்களை வண்ணத்தில் தீட்டுவதில் வல்லவர். அவரிடம் கிருஷ்ணன் நீர்வண்ண ஓவிய முறையைக் கற்றுக்கொண்டார்.

தமிழகத்தில் உறைபனியைக் காணக்கூடிய இடங்களுள் இம்மலைகளும் அடங்கும். மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் உதகையின் புல்வெளிகள் சுண்ணாம்பு தெளித்தாற்போல வெளுத்துத் தோன்றும். அக்குளிரிலும் அங்குப் பறவைகள் இரை தேடும். உள்ளான் இனத்தைச் சேர்ந்த பறவை ஒன்று இமயமலையிலிருந்து பறந்து வந்து நீலகிரிச் சோலைகளில் பனிக்காலத்தைக் கழிக்கின்றது. ஒரு செடி எம்மண்ணில் வளரும், அதன் பூவை எவ்வுயிர் நாடும், அவ்வுயிர் எப்பருவத்தில் வரும் என்று ஒன்றோடொன்றை இணைத்துப் பார்க்கும் கல்வியை மலைகள் தருகின்றன. அத்தகைய கல்வியையே கிருஷ்ணன் தம் வாழ்நாள் முழுவதும் பயின்றார்.

1931-இல் இளங்கலைப் பட்டம் பெற்ற அவர், பின்னர் முதுகலையும் சட்டமும் பயின்றார். எனினும் வழக்கறிஞராக நிலைபெற அவர் விரும்பவில்லை. அச்சகத்திலும் ஓவியப் பள்ளியிலும் வானொலியிலும் சிலகாலம் பணியாற்றினார். இதழ்களுக்குக் கட்டுரைகளும் கேலிச்சித்திரங்களும் வழங்கினார். அவருடைய தமையனாருள் ஒருவரான மா. அனந்தநாராயணன் ஆட்சிப் பணியிற் புகுந்து, பிற்காலத்தில் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக உயர்ந்தார். அத்தகைய குடும்பத்தில் பிறந்தும், இளையவர் மட்டும் நிலையான தொழிலின்றி இருந்தார்.

சந்தூரில் கழித்த ஆண்டுகள்

1942-இல் கிருஷ்ணனுக்குச் சந்தூர் என்னும் சிறு மன்னராட்சி நாட்டில் வேலை கிடைத்தது. அது பெல்லாரிக்கு அண்மையில், இன்றைய கருநாடக மாநிலத்தில் உள்ளது. குன்றுகளும் இலையுதிர் காடுகளும் சூழ்ந்தது. அங்கு அவர் ஆசிரியராகவும், நீதிபதியாகவும், விளம்பர அலுவலராகவும், அரசரின் செயலாளராகவும் வெவ்வேறு காலங்களில் பணியாற்றினார்.

பதவிகள் மாறினும் அவர்தம் உண்மையான வேலை மாறவில்லை. ஓய்வு கிடைத்த போதெல்லாம் குன்றுகளிலும் புதர்க்காடுகளிலும் நடந்தார். காட்டின் இயல்பை நூல்களிலிருந்து அறிவதோடு அமையாமல், ஆடு மேய்ப்போரும் மலைவாணரும் அறிவதுபோலக் காலால் நடந்தும் கண்ணால் கண்டும் அறிந்தார். ஏழாண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1949-இல் சந்தூர் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. அரசரின் ஆட்சி முடிந்தமையால் கிருஷ்ணனின் வேலையும் முடிந்தது.

அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. மனைவியும் மகனும் உடைய குடும்பத் தலைவர். கல்வியும் பட்டங்களும் இருந்தன. குடும்பச் சிறப்பும் இருந்தது. மீண்டும் ஓர் அலுவலகத்தில் அமர்ந்து திங்கள்தோறும் ஊதியம் பெற முயன்றிருக்கலாம். ஆனால் அவர் சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் நிழற்படத்தையுமே வாழ்க்கைத் தொழிலாக ஏற்றார். காட்டுயிர்களைப் பற்றி எழுதி ஒருவர் உயிர்வாழ முடியும் என்று அக்காலத்தில் எவரும் எண்ணவில்லை. அம்முடிவு துணிவுடையார்க்கே இயல்வது.

நாற்பத்தாறு ஆண்டுத் தொடர்பணி

1950-ஆம் ஆண்டு முதல் கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் கிருஷ்ணன் இயற்கை பற்றிய கட்டுரைத் தொடர் ஒன்றை எழுதலானார். இரு வாரங்களுக்கு ஒரு முறை வெளிவந்த அத்தொடருக்குக் ‘கன்ட்ரி நோட்புக்’ என்பது பெயர். 1996-ஆம் ஆண்டு வரை நாற்பத்தாறு ஆண்டுகள் அது வெளிவந்தது. ஆண்டுக்கு 26 கட்டுரைகள் என்று கணக்கிட்டால், அத்தொடரின் பரப்பு ஒருவாறு விளங்கும். பெரும்பாலான கட்டுரைகளுடன் அவரே வரைந்த ஓவியமோ அவரே எடுத்த நிழற்படமோ இடம்பெற்றது.

யானை, புலி, காட்டெருமை ஆகியவை மட்டுமே எழுதத்தக்கன என்று அவர் கருதவில்லை. கூரையில் அமரும் காகம், சுவரில் ஊரும் பல்லி, முற்றத்தில் ஓடும் அணில், கிணற்றடியில் வந்திறங்கும் வாலாட்டிக் குருவி ஆகியவற்றையும் அதே கவனத்தோடு நோக்கினார். 1961-இல் வெளிவந்த ‘ஜங்கிள் அண்ட் பேக்யார்ட்’ என்னும் நூலின் பெயரே இதனைக் காட்டும். காடும் கொல்லைப்புறமும் அவருக்கு ஒரே உலகத்தின் இரு பகுதிகளாகத் தோன்றின. அறிவுக்குரிய பொருளைத் தேடித் தொலைதூரம் செல்ல இயலாதவரும், தம் வீட்டு வாயிலிலேயே அதனைக் காணலாம் என்பதை அவர் எழுத்து மெய்ப்பித்தது.

பறவைகளைப் படமெடுத்தல்

காட்டுப் பறவையை நிழற்படம் எடுப்பது எளிதன்று. இங்கிலாந்தில் ரிச்சர்டு கீயர்டன், செர்ரி கீயர்டன் என்னும் உடன்பிறந்தார் இருவர் 1892-இல் பறவைக்கூடு ஒன்றை முட்டைகளோடு படம் எடுத்தனர். 1895-இல் அவர்கள் வெளியிட்ட நூல், பறவைகளின் கூடுகளை அவை இருந்த இடத்திலேயே எடுத்த நிழற்படங்களால் விளக்கியது. பறவைகள் தம்மைக் கண்டு அஞ்சாதிருக்கும் பொருட்டு அவர்கள் தோலால் பொய்ம்மாடு ஒன்று செய்து, அதன் உட்புறத்தில் மறைந்திருந்தும் படம் எடுத்தனர். தென்முனைக்குச் சென்ற ஸ்காட்டின் குழுவில் 1910 முதல் 1912 வரை பணியாற்றிய ஹெர்பர்ட் பான்டிங், பென்குவின் பறவைகளைப் பனிவெளியில் படம் எடுத்தார். அக்கடுங்குளிரில் ஒருமுறை அவருடைய நாக்கு காமிராவின் உலோகப் பகுதியிற் பட்டு, அங்கேயே உறைந்து ஒட்டிக்கொண்டது.

தமிழகத்தில் அத்தகைய இடர் இல்லை. ஆனால் வேறு இடர்கள் உண்டு. மழைக்காலத்தின் ஈரம் கண்ணாடி வில்லையில் பூஞ்சணம் படரச் செய்கின்றது. மார்கழி விடியலில் நீர்ப்பரப்பின்மேல் மூடுபனி தவழ்கின்றது. அப்போது ஒளி குறைவாக இருக்கும். ஒளி குறைந்தால் காமிராவின் கதவம் நீண்ட நேரம் திறந்திருத்தல் வேண்டும். அந்நேரத்துக்குள் பறவை சிறகை அசைத்தாலும், எடுப்பவரின் கை நடுங்கினாலும் படம் கலங்கிவிடும். தொலைவிலுள்ள பறவையைப் பெரிதாகக் காட்டும் நீண்ட வில்லையோ கை நடுக்கத்தையும் பெரிதாக்கும். ஒரு படச்சுருளில் எடுக்கத்தக்க படங்களும் சிலவே. எடுத்த படம் நன்றாக அமைந்ததா என்பது வீடு திரும்பி இருட்டறையிற் கழுவிய பின்னரே தெரியவரும்.

விலையுயர்ந்த கருவிகளை வாங்கக் கிருஷ்ணனிடம் பொருள் இல்லை. ஆகவே அவர் வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை ஒன்றாக இணைத்துத் தமக்கென ஒரு காமிராவை அமைத்துக்கொண்டார். பருமனும் எடையும் மிக்க அக்கருவிக்கு அவரே ‘சூப்பர் பான்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயர் சூட்டினார். வண்ணப்படங்கள் பரவிய பின்னரும் அவர் கருப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். இறகின் அடுக்கும், அலகின் வளைவும், மரப்பட்டையின் சொரசொரப்பும் ஒளியாலும் நிழலாலுமே அவருடைய படங்களில் தெளிவுற்று நின்றன.

பறவையைப் படம் எடுக்க முற்படுவோர் அதற்குத் தீங்கு செய்துவிடுதலும் உண்டு. கூடு நன்றாகத் தெரிய வேண்டும் என்று மறைத்து நிற்கும் கிளையை ஒடித்தால், முட்டைகள் வெயிலில் வெந்துபோகும். காகமும் பருந்தும் அவற்றை எளிதிற் கண்டுகொள்ளும். மிக நெருங்கிச் சென்றால் தாய்ப்பறவை கூட்டை விட்டு அகலும். அது திரும்பி வராத ஒவ்வொரு கணமும் குஞ்சுகளின் உயிருக்கு இறுதி ஆகலாம். நெடுந்தொலைவு பறந்து வந்து களைத்திருக்கும் பனிப்பருவப் பறவைகளை அடிக்கடி எழுப்பி விரட்டினாலும், அவை உண்டு சேர்த்த வலிமை வீணாகின்றது. அவ்வலிமையைக் கொண்டே அவை பங்குனியில் மீண்டும் வடக்கு நோக்கிப் பறத்தல் வேண்டும்.

கிருஷ்ணன் கற்ற வழி காத்திருத்தலே ஆகும். பெரும்பாலும் நடந்து சென்றே படங்கள் எடுத்தார். முதுமலை போன்ற பெருங்காடுகளில் பழக்கப்பட்ட யானையின் மீது அமர்ந்து சென்றார். காட்டுயிர் தன் இயல்பில் இருக்கும் நிலையையே அவர் விரும்பினார். நாள் முழுவதும் காத்திருந்து வெறுங்கையோடு திரும்புதலை அத்தொழிலின் இயல்பாகவே அவர் ஏற்றார்.

வேடந்தாங்கல்

செங்கற்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்துக்கு அண்மையில் உள்ள வேடந்தாங்கல் ஏரி, கிருஷ்ணன் பெரிதும் ஈடுபட்டு ஆராய்ந்த இடங்களுள் ஒன்று. ஏரியின் நடுவே நீர்க்கடம்பு மரங்கள் வளர்ந்துள்ளன. மழையால் ஏரி நிறைந்ததும் நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா முதலிய பறவைகள் அம்மரங்களில் நெருங்கிக் கூடு கட்டுகின்றன. ஒரே மரத்தில் பல இனப் பறவைகள் அடுக்கடுக்காகக் குடியிருத்தலை அங்குக் காணலாம்.

இவையனைத்தும் கடல் கடந்து வரும் அயல்நாட்டுப் பறவைகள் என்று பலர் எண்ணுவது உண்டு. அது பிழையாகும். கூடு கட்டும் இப்பறவைகள் பெரும்பாலும் நம் நாட்டில் வாழ்வனவே. மழையின் பின்னர் ஏரிகளிலும் வயல்களிலும் மீனும் தவளையும் நத்தையும் பெருகுகின்றன. குஞ்சுகளுக்கு ஊட்ட இரை மிகுதியாகக் கிடைக்கும் அப்பருவத்தையே அவை தேர்ந்துகொள்கின்றன. பனிநாடுகளிலிருந்து வரும் வாத்துகளும் உள்ளான்களுமோ இங்குக் கூடு கட்டுவதில்லை. இரையும் ஓய்வும் நாடி வந்து, பருவம் மாறியதும் திரும்பிவிடுகின்றன. ஒரே நீர்நிலை ஒரு கூட்டத்துக்குப் பிறந்தகமாகவும் மற்றொரு கூட்டத்துக்கு விருந்தகமாகவும் விளங்குகின்றது. இவ்வேறுபாட்டை அறிந்து நோக்குவோர்க்கே ஏரியின் முழுச் சிறப்பும் புலப்படும்.

வேடந்தாங்கலைக் காத்தவர்கள் அவ்வூர் உழவர்களே ஆவர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் பரம்பரையாக அறிந்திருந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளையர் படைவீரர்கள் அங்கு வந்து பறவைகளைச் சுட்டனர். அதனைப் பொறாத ஊர்மக்கள் ஆட்சியரிடம் முறையிட்டனர். 1798-இல் செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை அவ்வூர்மக்களுக்கு எழுத்து மூலம் வழங்கினார். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே எளிய உழவர்கள் செய்த அரும்பணி இதுவாகும். கிருஷ்ணன் வேடந்தாங்கலைப் பற்றி ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார். அவர்தம் தமிழ்க் கட்டுரைகளின் தொகுப்பு ஒன்று ‘பறவைகளும் வேடந்தாங்கலும்’ என்னும் பெயராலேயே வெளிவந்துள்ளது.

வேடந்தாங்கலுக்குத் தெற்கே, செட்டிநாட்டுக்கு அண்மையிலும் இத்தகைய ஊர்கள் உண்டு. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் வட்டத்தில் வேட்டங்குடிப்பட்டிப் பெரிய கண்மாய், சின்னக் கண்மாய், கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய் ஆகிய மூன்றும் 1977-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றன. அவற்றின் பரப்பு 38.4 ஹெக்டேர் ஆகும். தீபாவளித் திருநாள் பறவைகள் வந்து தங்கும் பருவத்தில் வருதலால், அவை வெடியோசைக்கு அஞ்சி அகலாதிருக்க, அவ்வூர்மக்கள் பல ஆண்டுகளாகப் பட்டாசு வெடிப்பதில்லை. அவ்வூர்ச் சிறுவரும் இவ்வழக்கத்தை ஏற்று நடத்தல் போற்றத்தக்கதாகும்.

நாட்டுக்கு ஆற்றிய பணி

கிருஷ்ணன் தம் கண்முன்னரே ஓர் உலகம் மறைதலைக் கண்டவர். இளமையில் அவர் வெளிமானையும் நரியையும் கண்ட மயிலாப்பூர்ப் புதர்வெளிகள் முதுமையில் தெருக்களாகவும் கட்டடங்களாகவும் மாறியிருந்தன. நாடெங்கும் காடுகள் குறைந்தன. அணைகளும் சாலைகளும் சுரங்கங்களும் காட்டின் உட்பகுதிகளை எட்டின. நாடு முன்னேறுவதற்கு இவையெல்லாம் வேண்டும் என்று பலரும் பேசிய காலத்தில், பழைமையான நாட்டின் தனிச்சிறப்பு அதன் கோயில்களிலும் கலைகளிலும் இருப்பதுபோலவே அதன் மரம், செடி, கொடி, விலங்கு, பறவை ஆகியவற்றிலும் இருக்கின்றது என்று அவர் இடையறாது வலியுறுத்தினார். அழகுக்காக அயல்நாட்டு மரங்களைத் தெருவெங்கும் நடுவதை அவர் கண்டித்தார். ஆலும் அரசும் நாவலும் போன்ற நம் நாட்டு மரங்களே நம் பறவைகளுக்குக் கனியும் நிழலும் கூடும் தருவன அல்லவோ?

அவர்தம் புலமை நாட்டினரால் மதிக்கப்பெற்றது. ஜவாஹர்லால் நேரு ஆய்வுநிதி 1968-இல் தொடங்கப்பெற்றபோது, அதனை முதன்முதற் பெற்றவர்களுள் கிருஷ்ணனும் ஒருவர். அந்நிதியைக் கொண்டு தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரிய பாலூட்டி விலங்குகளை அவர் ஆராய்ந்தார். அவ்வாய்வு 1975-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாயிலாக நூலாக வெளிவந்தது. இந்தியக் காட்டுயிர் வாரியத்தில் அவர் உறுப்பினராக இருந்தார். 1973-இல் தொடங்கப்பெற்ற புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் வழிகாட்டுக் குழுவிலும் இடம்பெற்றார். இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 1995-இல் ‘குளோபல் 500’ என்னும் சிறப்பினை அளித்தது. விருதுகள் பல வந்தபோதும் அவர் யாருடைய விருப்பத்துக்காகவும் தம் கருத்தை மாற்றிக்கொண்டார் அல்லர்.

தமிழ்ப்பணி

ஆங்கிலத்தில் பெரும்புகழ் பெற்ற கிருஷ்ணன், தந்தையாரின் மொழியை மறந்தவர் அல்லர். சங்க இலக்கியத்தில் அவருக்கு ஆழ்ந்த பயிற்சி இருந்தது. புலவர்கள் யானையையும் மானையும் பறவைகளையும் எவ்வளவு நுட்பமாகக் கண்டு பாடியுள்ளனர் என்பதை இயற்கை அறிஞரின் கண்கொண்டு அவர் நோக்கினார். பெ. தூரன் பதிப்பாசிரியராக இருந்து வெளியிட்ட தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு உயிரினங்கள் பற்றிய கட்டுரைகள் எழுதி உதவினார். உயிரியற் செய்திகளை எளிய தமிழில் பிழையின்றி உரைக்க முடியும் என்பதற்கு அவை சான்றாகும். பிற்காலத்தில் ‘கதிரேசன் செட்டியாரின் காதல்’ என்னும் துப்பறியும் நாவலையும் அவர் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் சில அவர் மறைந்த பின்னர், 2002-இல் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் தொகுப்பாக வெளிவந்தன.

பறவைகளுக்குத் தமிழில் பெயர் இல்லை என்று எண்ணுவோர் கற்றோருள்ளும் உண்டு. நத்தையைக் குத்தி உண்பது நத்தைகுத்தி. கழுத்தைப் பாம்புபோல நீட்டி நீந்துவது பாம்புத்தாரா. கரண்டி போன்ற வாயுடையது கரண்டிவாயன். இப்பெயர்களைச் சூட்டியவர்கள் கண்மாய்க் கரையில் வாழ்ந்த எளிய மக்களே ஆவர். பறவையை நன்கு பார்த்தவர்கள் வைத்த பெயர்கள் ஆதலின், ஒவ்வொரு பெயரும் ஒரு சிறு கட்டுரைபோல் விளங்குகின்றது. கிருஷ்ணனின் எழுத்து அந்த மரபின் தொடர்ச்சியாகும்.

மறைவு

முதுமை எய்திய பின்னரும் கிருஷ்ணனின் எழுதுகோல் ஓயவில்லை. 1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் ஸ்டேட்ஸ்மன் இதழில் அவருடைய கட்டுரை வழக்கம்போல் வெளிவந்தது. அதே நாளில் அவர் தம் எண்பத்து மூன்றாம் வயதில் இயற்கை எய்தினார். தாம் ஏற்ற பணியை இறுதி நாள் வரையிலும் நிறைவேற்றிச் சென்ற பெருமை அவருக்கு உரியதாயிற்று.

அவர் செல்வம் சேர்த்தவர் அல்லர். உயர்ந்த பதவியில் அமர்ந்தவரும் அல்லர். பதவியையும் செல்வத்தையும் தேடுவதற்குரிய ஆண்டுகளை அவர் ஏரிக்கரைகளிலும் காடுகளிலும் காத்திருந்து கழித்தார். அவ்வாறு காத்திருந்தமையாலேயே, மறைந்துவரும் உயிர்களின் உண்மையான வடிவத்தையும் வாழ்வையும் பின்வரும் தலைமுறைக்கு எழுத்திலும் படத்திலும் வைத்துச் செல்ல அவரால் இயன்றது.

ஆண்டுதோறும் வடநாட்டு ஏரிகள் உறைகின்றன. ஆண்டுதோறும் பறவைகள் தெற்கே வருகின்றன. அவை இறங்குவதற்குக் கண்மாயில் நீரும், கரையில் மரமும், அவற்றை அஞ்சவைக்காத மக்களும் இருத்தல் வேண்டும். அவற்றைக் காண விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. அசையாது நிற்கும் பொறுமையும், கண்டதைக் கண்டவாறே குறித்து வைக்கும் நேர்மையும் போதும். இவ்விரண்டையும் இளமையிலேயே பழகிக்கொள்ளும் மாணவர்க்கு, ஊர்க் கண்மாயே பெரிய நூலாக விரிந்து கிடக்கின்றது.